பீனால் பட்ட மறுநாள் கல்யாணம்

மறுநாள் மகளுக்குக் கல்யாணம். ஆனாலும் மிலுடின் வேலைக்கு வந்திருந்தான், ரிப்பன் கட்டிய மரக் குடுவையோடு. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைப்பது அப்படித்தான். குடுவையிலிருந்து ஒரு வாய் ரக்கியா சாராயம் குடித்தால் வர ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நாங்கள் வேலை பார்ப்பது பிளைவுட்டுக்குப் பசை காய்ச்சும் ஆலையில். ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரையும் அழைப்பதாகச் சொல்லிக் குடுவையை ஆணியில் மாட்டினான்.

பசைக்குச் சேர்க்கும் பீனால் திராவகம் வரும் குழாயைக் கழற்றும்போது உள்ளே மிச்சமிருந்தது சளக்கென்று அவன் காலில் அடித்தது. பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தான். முழங்காலுக்கு மேலே தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

“வலிக்குதாடா?” என்றேன்.

“மொதல்ல சுரீர்னுச்சு. இப்ப கிள்ளினாக்கூட தெரியல. நல்லதுதானே?”

வலிக்காததுதான் அதன் சூது. தோலை மரக்கச் செய்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். அவனோ குடுவையை எடுத்து ரக்கியாவைக் காலில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தான். காய்ச்சலோ சுளுக்கோ பல்வலியோ, எதற்கும் எங்கள் ஊரில் அதுதான் மருந்து.

மேஸ்திரி தெஸான்கா பாய்ந்து வந்தாள்.

“யோவ், நிறுத்துய்யா! தேய்க்கத் தேய்க்க உள்ள போகும். பேன்ட்ட கழட்டு!”

“அக்கா, இத்தன பேரு முன்னாடியா?”

“உன் அழக யாருய்யா பாக்கப் போறா? கழட்டு!”

அவன் நெளிந்துகொண்டே நின்றான். கையுறை மாட்டியிருந்த தெஸான்கா கத்தரிக்கோலால் பேன்ட்டை வெட்டியெறிந்து அவனை ஷவருக்கு அடியில் தள்ளினாள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிறகு சுவரில் இருந்த கேனைத் திறந்து, பாகு மாதிரியான பாலிஎத்திலீன் கிளைக்காலில் துணியை நனைத்துத் துடைத்தாள். பீனாலைக் கரைத்து இழுத்துக்கொள்வது அது. துணியை மாற்றி மாற்றித் துடைத்தாள்.

அப்படியும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. ஆம்புலன்ஸில் அவனுக்குக் கை உதறியது, நாக்குக் குழறியது.

“யஸ்னா கைய... நான்தான்டா புடிச்சுக் குடுக்கணும்...”

தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் தம்பியிடம் கொடுத்தால்தான் ஊர்வலம் கோயிலுக்குக் கிளம்பும். அவன் உயிரோடு இருப்பானா என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவனுக்கு அந்தக் கவலை.

“இதுக்குன்னு தனி மாத்து மருந்து கெடையாது” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர் வூகோஸாவா. “ஏறினது எறங்கற வரைக்கும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காவல் காக்கணும்.”

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கையில் டிரிப் ஏற்றினார்கள். சாயங்காலம் சிறுநீர் கரும்பச்சையாக வந்தது. அவன் மனைவி வாய்விட்டு அழுதாள்.

“அழாதீங்கம்மா. இந்த வெஷம் இப்படித்தான் வெளிய போகும். போகட்டும் விடுங்க” என்றார் டாக்டர்.

போனது. காலையில் நிறம் தெளிந்தது, நெஞ்சுத் துடிப்பும் சீரானது. மிலுடின் எழுந்து உட்கார்ந்து பேன்ட் கேட்டான்.

“படுய்யா” என்றார் டாக்டர். “இன்னைக்கு ஒன்ன வெளிய விட மாட்டேன்.”

“டாக்டரம்மா, கல்யாணம்...”

“உன் பொண்ணுக்குத்தானே? உனக்கா?”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த நேரத்தில் வெளியே கார் ஹாரன்கள் வரிசையாக அலறின. அப்பா கையைப் பிடித்துக் கொடுக்காமல் கோயிலுக்குப் போகமாட்டேன் என்று யஸ்னா அடம்பிடித்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார், ட்ரம்பெட்காரர்கள் எல்லாரையும் ஆஸ்பத்திரி முற்றத்துக்கே இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டர் ஜன்னலைத் திறந்து கத்தினார்.

“உள்ள நோயாளிங்க இருக்காங்க! கொஞ்ச நேரம்தான். வாசிக்கறதுன்னா மெதுவா வாசிங்க!”

கால் கட்டோடும் நீல ஆஸ்பத்திரி அங்கியோடும் மிலுடினைச் சக்கர நாற்காலியில் முற்றத்துக்குத் தள்ளிப்போனேன். யாரோ அவன் நெஞ்சில், கல்யாணத்துக்கு வருபவர்கள் எல்லாரும் குத்திக்கொள்ளும் ரோஸ்மேரிக் கொத்தைக் குத்தினார்கள். கூடவே வந்த டாக்டரின் வெள்ளைக் கோட்டிலும் ஒன்று. யஸ்னாவின் கையைப் பிடித்த மிலுடின் விடவேயில்லை.

“மாமா, குடுக்கறீங்களா, இல்ல திரும்ப வீட்டுக்குப் போகட்டுமா?” என்றான் மாப்பிள்ளையின் தம்பி.

“இருடா, என்ன அவசரம்?” என்றான் மிலுடின். அழுகையும் சிரிப்புமாக மகளை முத்தமிட்டுவிட்டுக் கையைக் கொடுத்தான்.

ட்ரம்பெட்காரர்கள் மெதுவாக வாசித்தார்கள். எங்கள் ஊரில் அப்படி நடந்ததே இல்லை. கன்னத்தை உப்பவும் வைக்காமல் ரகசியம் சொல்வதுபோல் ஊதினார்கள். டிரிப் கம்பியைப் பிடித்திருந்த நர்ஸ் செருப்பால் தாளம் போட்டாள். மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு நோயாளி கத்தினார்:

“ஒண்ணும் கேக்கல, கொஞ்சம் சத்தமாத்தான் வாசிங்களேன்!”

டாக்டரே கையைத் தூக்கிக் காட்டினார், ஊதுங்கள் என்று.