ஐந்தாவது நோட்டு

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் வங்கிக் கவுண்டர் முன் தர்மகர்த்தா தணிகாசலம் விறைப்பாக நின்றார். நவராத்திரியில் அம்மனுக்கு நோட்டு அலங்காரம். வீட்டுக்கு ஐந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஐந்தையும் மடித்து ஒரு பூவாகக் கட்டுவார்கள். மற்ற ஆண்டுகளில் அவரவர் நோட்டு திரும்பிப் போய்விடும். இந்த ஆண்டு கோபுர வேலைக்கென்று நாற்பது வீட்டாரும் விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

1978-ல் ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோதும், 2016-ல் பழைய ஐந்நூறு போனபோதும், பிறகு ரிசர்வ் வங்கி இரண்டாயிரத்தைத் திரும்பப் பெற்றபோதும் கோயில் பணத்தைக் கொண்டுவந்து கட்டியது அவர் குடும்பம்தான். ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

எண்ணும் இயந்திரம் நின்றது. காசாளர் சுஷ்மிதா ஒரு நோட்டை உருவித் தனியே வைத்தாள். பிறகு இன்னொன்று. நான்கானது.

“கள்ள நோட்டு சார். நாலு வரைக்கும் முத்திரை குத்தி ரசீது கொடுத்துடுவோம். அஞ்சு ஆச்சின்னா போலீசுக்கு எழுதணும். ரிசர்வ் பேங்க் ரூல்.”

“அம்மனையே ஏமாத்திக்கீறான், எந்தத் தொரையோ,” என்று சிரித்தார் கோயில் பொருளாளர் பாலசுந்தரம். “இன்னா மாமா, ஏசியில வேர்த்துக்கினு கீறீங்க?”

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு நோட்டின் மடிப்பிலும் மஞ்சள் கறை. தங்கள் பூவை மஞ்சளில் நனைத்த நூலால் கட்டுவது தர்மகர்த்தா வீட்டுக்கு மட்டும் உள்ள உரிமை. அவர் வீட்டுப் பூவுக்கு ஐந்து நோட்டையும் கொடுத்தவன் திருப்பதியில் லாட்ஜ் நடத்தும் மகன் சந்திரசேகர். தெரிந்து கொடுத்தானா?

இன்னும் ஒரு கட்டு இருந்தது.

“அத நாளைக்குக் கட்டிக்கிறோம்மா.”

“உள்ள வந்தத எண்ணாம திருப்பித் தரக்கூடாது சார். கூச்சோண்டி,” என்று நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை. இயந்திரம் ஓடியது. நின்றது. சுஷ்மிதா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேனேஜர் அறைப் பக்கம் திரும்பினாள்.

பாலசுந்தரத்தின் சிரிப்பு போய்விட்டது. “நாப்பது வீட்டுப் பணம்மா. யார் குடுத்ததுன்னு எப்பிடிச் சொல்றது?”

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டால் தணிகாசலம் தப்பிக்கலாம். ஆனால் நாற்பது வீட்டு வாசலிலும் போலீஸ் நிற்கும்.

“அஞ்சும் என் வீட்டு நோட்டு,” என்றார் தணிகாசலம்.

“மாமா, சும்மா இருங்க.”

சுஷ்மிதா ஒரு தாளை நீட்டினாள். தணிகாசலம் தன் பெயரையும் முகவரியையும் நிறுத்தாமல் எழுதினார். யாரிடமிருந்து பெற்றது என்று அடுத்த வரி கேட்டது. கவுண்டர் விளிம்பை இடது கையால் இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு தன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, மகன் பெயரை முழுதாக எழுதினார்.