அடக்கிய மூச்சு

கல்லுடைக்கும் ஆலையில் பாதி ஆயுளைப் புழுதி குடித்துக் கழித்த வல்லிபுரத்துக்கு, ‘சாதாரண சளி, வேலைக்குத் தகுதியானவர்’ என்று நட்டஈட்டு விசாரணையில் தீர்ப்பு வந்தபோது அவர் மனைவி கண்ணகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்துச் செலவுக்கென்று ஏதோ கொஞ்சம் நட்டஈடாம். மேன்முறையீட்டிலும் தோற்றால் மனிதர் மறுபடி அதே புழுதிக்குள் போக வேண்டும். போனால் உயிரோடு மிஞ்ச மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

நெஞ்சுப் படம் கலங்கியிருந்ததாம், அதுதான் காரணமாம். கலங்காமல் என்ன செய்யும்? குருக்கள்மடத்தில் பஸ் ஏறினால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடக்க வேண்டும். சண்டை தொடங்கியபின் நகரில் மின்சாரம் நினைத்தால்தான் வரும். ஜெனரேற்றரில் முக்கி முனகி ஓடும் எக்ஸ்ரே மெசினுக்கு முன்னால் வெகுநேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்க வேண்டும். மூச்சே இல்லாத மனிதனிடம், மூச்சைப் பிடித்துக் காட்டு, பிறகு நம்புகிறோம் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

மேன்முறையீட்டுக்குப் புதுப் படம் கேட்டார்கள். கண்ணகையும் விடவில்லை. காலையும் மாலையும் அவரைச் சுவரோடு நிறுத்திப் பழக்கினாள்.

“இழுங்க. இப்ப பிடிங்க. அசையாதங்க.”

“ஏலாது புள்ள. நெஞ்சுக்குள்ள கல்லு உருளுது.”

“உருளட்டும். படம் எடுத்த பிறகு இருமுங்க.”

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள். நோயாளியை அதட்டும் நிலைக்குத் தன்னைக் கொண்டுவந்த ஆலைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

படம் பிடிக்கும் நல்லரத்தினம் இரக்கமுள்ளவர். நடந்த களைப்புத் தீரும்வரை வல்லிபுரத்தை வாங்கில் இருத்தி, சுடுதண்ணீர் கொடுத்து, அதன் பிறகே மெசின் முன் நிறுத்தினார். வல்லிபுரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அசையவில்லை. மெசின் ஓய்ந்ததும் சுவரைப் பிடித்தபடி குந்திவிட்டார். இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

படம் பளிச்சென்று வந்தது. நெஞ்சு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். பழையதைப் போல் இதையும் தள்ளிவிடக் கூடாதே என்ற அக்கறையில் நல்லரத்தினம் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்: ‘இம்முறை மூச்சை நன்றாக அடக்கினார்.’

விசாரணையில் அதிகாரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நெஞ்சில தூசு இருக்கிறது உண்மைதான்” என்றார்.

கண்ணகையின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்போது ஆலைத் தரப்புச் சட்டத்தரணி எழுந்து அந்த ஒரு வரியை நிறுத்தி வாசித்தார்.

“ஐயா, இவ்வளவு நேரம் மூச்சை அடக்கக்கூடிய ஆளுக்கு வேலை செய்ய ஏலாதெண்டு எப்பிடிச் சொல்றது?”

அதிகாரி தலையாட்டினார். கண்ணகைக்கு இருக்க முடியவில்லை, எழுந்துவிட்டாள்.

“அவர் மூச்சை அடக்கல்ல ஐயா, இருமலைத்தான் அடக்கினவர்.”

“மனுதாரர்தான் பேச வேணும். நீங்க இருங்கம்மா. வல்லிபுரம், சொல்லுங்க.”

வல்லிபுரம் எழுந்தார். பேசுவதற்காக மூச்சை இழுத்தார். இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பற்றிக்கொண்டு இருமினார், இருமினார், ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். ஊரடங்குக்கு முன் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டுமே.

“மனுதாரருக்குச் சொல்ல ஒண்டுமில்லையெண்டு எழுதும்” என்றார் எழுதுவினைஞரிடம். “பழைய தீர்ப்பே நிக்கட்டும்.”

எழுதுவினைஞர் அதை எழுதி முடித்தபோதும் வல்லிபுரம் இருமிக்கொண்டுதான் இருந்தார்.