அஃப்ஷா உதைக்க ஓர் இடம்

வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியும் எனக்குப் பகலில்தான் தூக்கம் வந்தது. ஐரோலியில் ஒரு கால் சென்டரில் ஒன்பது வருடம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தேன். விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு நாள் கம்பெனி வண்டி வந்து கீழே ஹாரன் அடித்தது. நான் இறங்கவில்லை. அவ்வளவுதான்.

அதனால் அஃப்ஷா காலை பதினொரு மணிக்குப் போன் செய்தபோது எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"ஏட்டி செல்வி, உசுரோட இருக்கியா?"

"தூங்கிக்கிட்டு இருக்கேன்."

"தூங்குனது போதும். எனக்கு ஒரு முவாய் தாய் ஜிம் பாத்துச் சொல்லு, அதான், தாய்லாந்துக்காரங்க உதைச்சுச் சண்டை போடுவாங்களே, அது. புதுசா வாரவங்கள மனுசனா நடத்துற இடமா இருக்கணும். நீதான் போன்ல பேசியே காலத்தை ஓட்டுனவளாச்சே, விசாரி."

"உன் காலை வச்சுக்கிட்டா?"

"அதுக்குத்தான் உன்கிட்ட கேக்கேன்" என்றாள்.

அவள் மகள் மர்யம் பள்ளிக்கூடத்தில் கராத்தே சேர்ந்திருந்தாள். ஏழு வயசு. உனக்கு உதைக்கத் தெரியுமா உம்மா என்று கேட்டிருக்கிறாள். தெரியாது என்று சொல்லிவிட்டு அஃப்ஷா சமையலறையில் போய் நின்றிருக்கிறாள்.

"மூணு இடம் பாப்போம்ட்டி. மூணாவதுலயும் என் காலைப் பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா, இந்த ஆசையை விட்டுருவேன். அதுக்கப்புறம் நீயும் இதைப் பேசக் கூடாது."

சரி என்றேன். எனக்கு இதில் வாய் திறக்க உரிமை இல்லை. அந்தக் காலை உடைத்தது நான்.

தாராவியில் அஃப்ஷாவின் வாப்பா கரீம் பாட்சா மாமாவுக்குத் தோல் பை தைக்கும் கார்கானா இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். இரண்டு மணி நேரம் மெஷின் சத்தம் இருக்காது. அந்த நேரத்தில் இரும்பு ஏணியில் ஏறினால் மேல்தட்டு முழுக்க எங்களுடையது. நிமிர்ந்து நின்றால் தலை தகரத்தில் இடிக்கும். பசை வாடைக்குக் கண் எரியும். ஏப்ரலில் அங்கே பத்து நிமிடம் நின்றால் சட்டையைப் பிழியலாம். உலகத்தில் எங்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்த ஒரே இடம் அதுதான். அதற்குப் பிறகு ஏசி போட்ட எத்தனையோ அறைகளில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுகூட எனக்குச் சொந்தமாகத் தோன்றவில்லை.

பதினாறு வயதில் போனில் சண்டை வீடியோக்கள் பார்த்து எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. தொங்கவிட்டு உதைக்க ஒரு பை வேண்டும். கடையில் வாங்க வழியில்லை. ஆனால் கார்கானாவில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகள், கத்ரன் என்பார்கள், மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கெட்டியான கான்வாஸ் கோணியில் நான் அதைத் திணித்தேன். மாமாவின் பெரிய ஊசியால் வாயைத் தைத்து இரும்பு விட்டத்தில் கட்டினேன். பார்க்க அசல் பை மாதிரியே இருந்தது. நாலு வாரம் மாற்றி மாற்றிக் குத்தினோம்.

தோல் துண்டு பஞ்சு மாதிரி இல்லை. ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மேலே தளர்ந்துவிடும், அடியில் கல்லாக இறுகிவிடும். அது எங்களுக்குத் தெரியாது. ஐந்தாவது வெள்ளிக்கிழமை, "கீழ உதைட்டி, ஓங்கி உதை" என்றேன். அஃப்ஷா வீடியோவில் பார்த்தபடி பாதத்தின் மேல்பக்கத்தால் ஓங்கி உதைத்தாள். சத்தம் எனக்குக் கேட்டது.

ஏணியிலிருந்து விழுந்ததாக அவள் வீட்டில் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. மருத்துவமனைக்கு ஒரு தடவை போனேன். அதற்கு மேல் அந்த மேல்தட்டுக்கு நான் ஏறவே இல்லை. பரீட்சை என்றேன், கல்லூரி என்றேன், பிறகு வேலை என்றேன். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. அவளுக்குச் சான்பாடாவில் கல்யாணம் ஆனது. ஈத் பிரியாணிக்கு மட்டும் பார்த்துக்கொண்டோம். அப்போதெல்லாம் அவள் சாக்ஸ் போட்டிருப்பாள். வீட்டுக்குள்ளும்.

பன்னிரண்டு ஜிம்களுக்குப் போன் செய்தேன். அமெரிக்காக்காரனிடம் பேசிய அதே இங்கிலீஷ் குரலில் பேசினேன். எல்லோரும் பிகினர் ஃப்ரெண்ட்லி என்றார்கள். எழுதி வைத்ததைப் படிக்கிறவன் குரல் எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் நானும் படித்தவள். அதனால் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள்?

எட்டுப் பேர் எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள். மூன்று பேர் வாட்ஸப்பில் விலைப் பட்டியலை அனுப்பினார்கள். செம்பூரில் ஒரு பெண் மட்டும், "இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து, "ஒம்பது பேர் சேந்தாங்க. அஞ்சு பேர் வர்றாங்க. ஒருத்தருக்கு டெங்கு. மூணு பேர் ஏன் நின்னாங்கன்னு தெரியல" என்றாள்.

நான் செம்பூருக்கே போகலாம் என்றேன். அஃப்ஷா கேட்கவில்லை. இணையத்தில் அந்த ஜிம்முக்கு நாலே நாலு போட்டோதான் இருந்தது. மாட்டுங்காவில் இருந்ததற்கு முந்நூறு.

மாட்டுங்கா ஜிம் இரண்டாவது மாடியில் இருந்தது. போனில் என் குரலைக் கேட்டு யாரையோ எதிர்பார்த்திருந்தார்கள். சுடிதாரில் வந்து நின்ற எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்தார்கள். உள்ளே அன்றைக்குத்தான் சேர்ந்த ஒரு ஆளைச் சண்டை மேடையில் ஏற்றி, பழகிய ஒருவனோடு மோதவிட்டிருந்தார்கள். அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. மூக்கில் ரத்தம் வந்ததும் சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள். "முதல் நாளே பயம் போயிடணும்" என்று கோச் ஹிந்தியில் எங்களுக்கு விளக்கினார்.

"பயம் போவுதோ இல்லையோ, மூக்கு போயிரும்" என்றாள் அஃப்ஷா. இறங்கிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு வடாலா. லேடீஸ் பேட்ச். ரோஸ் கலர் கிளவுஸ், காதைக் கிழிக்கும் பாட்டு, இருபது பெண்கள் காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க, இங்க யாரும் யாரையும் தொடவே மாட்டாங்க" என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

"பையை எப்ப உதைக்கலாம்?"

"பை ஜென்ட்ஸ் பேட்சுக்கு மேடம்." அதற்குள் அஃப்ஷாவின் நடையைக் கவனித்துவிட்டாள். "கால்ல பிரச்சினையா? அப்போ டாக்டர் லெட்டர் வேணும். இல்லைன்னா எங்ககிட்ட யோகா இருக்கு."

ரயிலில் அஃப்ஷா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். குருதேஜ் பகதூர் நகர் தாண்டியதும், "ரெண்டு முடிஞ்சிருச்சு" என்றாள். ஆறுதல் சொல்லும் வாக்கியங்கள் என்னிடம் நிறைய உண்டு. எல்லாம் கம்பெனி எழுதிக் கொடுத்தவை.

செம்பூர் ஜிம் ஒரு டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழ் இருந்தது. நாங்கள் பேசியதைக் கேட்டதும் கோச் தமிழிலேயே, "தாராவியா? பேச்சே சொல்லுதே" என்றாள். மாரீஸ்வரி என்று பெயர், போனில் பேசியவளும் அவள்தான். அம்பர்நாத்காரி. இருபத்தாறு வயதுகூட இருக்காது.

"செருப்பு, சாக்ஸ் எல்லாம் வெளிய விட்டுருங்கக்கா. இங்க வெறும் கால்தான்."

அஃப்ஷா நின்றுவிட்டாள். இடது சாக்ஸைக் கழற்றினாள். வலதைக் கழற்றவில்லை. தோளில் மாட்டியிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். போய்விடலாம் என்று அவள் சொல்லப்போவது எனக்குத் தெரிந்தது. அவள் சொல்வதற்குள் நான் என் இரண்டு சாக்ஸையும் கழற்றி மூலையில் எறிந்தேன். ஒன்றில் கட்டைவிரல் வரும் அளவுக்கு ஓட்டை. அஃப்ஷா அதைப் பார்த்தாள்.

"தரித்திரம்" என்று முனகிவிட்டு வலது சாக்ஸைக் கழற்றினாள்.

பாதத்தின் மேல் எலும்பு ஒரு புடைப்பாக நின்றது. மாரீஸ்வரி குனிந்து கையால் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் பாவம் பார்க்கும் சாயல் இல்லை.

"எப்படி ஆச்சு?"

"ஏணியில இருந்து விழுந்தேன்."

"ஏணியில விழுந்தா இந்த இடம் உடையறது கஷ்டம்க்கா. எதையோ உதைச்சிருக்கீங்க."

பதினான்கு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அஃப்ஷா தரையைப் பார்த்தாள்.

"நான் தச்ச பை" என்றேன். "கத்ரன் போட்டு அடைச்சேன். கீழ உதைன்னு நான்தான் சொன்னேன்."

மாரீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். "எல்லாப் பையும் அடியில இறங்கும்க்கா. நாங்க அப்பப்போ அவுத்துத் தலைகீழாத் தொங்க விடுவோம். யாரும் சொல்லித் தரலையா?"

"சொல்லித் தர யார் இருந்தா?"

"சரி, அதை விடுங்க. அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு பண்ணியிருக்கீங்க. இதுல பாதத்தால உதைக்கவே மாட்டாங்க." தன் காலைத் தூக்கி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள எலும்பைத் தட்டிக் காட்டினாள். "இதால. பாதம் பையில படவே கூடாது. உங்களுக்கு உடைஞ்ச இடம் இங்க வேலைக்கே வராது. ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க, ஊனி நிக்கத் தாங்குமான்னு பாக்கணும். இன்னைக்கு மெதுவா நாலு உதைக்கலாம். வலிச்சா உடனே நிறுத்தணும்."

அஃப்ஷா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதாலயா?" என்று தன் காலைத் தொட்டாள். "இத்தனை வருசமும் இது நல்லாத்தான இருந்துச்சு!"

உதை வாங்கக் கையில் மாட்டிக்கொள்ளும் மெத்தையை, பேட் என்பார்கள், எடுத்துவர கோச் போனாள். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

"ஏன்ட்டி ஏணின்னு சொன்ன?" என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது.

"பைன்னு சொன்னா வாப்பா அதை அறுத்துப் போட்டிருப்பாரு. உன்னையும் மேல ஏற விட்டிருக்க மாட்டாரு." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கட்டு பிரிச்சதும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஏறி உக்காந்திருந்தேன். ஆறு வாரம். அப்புறம் வாப்பா அங்க சரக்கு அடுக்கிட்டாரு."

நான் வரவில்லை. மன்னிப்பு கேட்டால் அவள் திட்டுவாள், அதனால் கேட்கவில்லை.

மாரீஸ்வரி திரும்பி வந்து பேடைப் பிடித்தாள். அஃப்ஷா முதல் உதையில் குறி தப்பித் தடுமாறினாள். இரண்டாவது பட்டது. மூன்றாவது உதையில் ஓர் அழுத்தமான சத்தம் தகரம் வரைக்கும் போனது. அவள் காலைக் கீழே வைத்துவிட்டு, வலி வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. நாலாவதற்கு யாரும் சொல்லவில்லை. அவளே உதைத்தாள்.

"புதுசா வர்றவங்க பேட்ச் செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறரை" என்றாள் மாரீஸ்வரி. "இங்க ஜோடி ஜோடியாத்தான் பயிற்சி. ஒருத்தர் பேட் பிடிக்கணும், ஒருத்தர் உதைக்கணும். உங்க ஜோடி யாரு?"

காலை ஆறரை, ஒன்பது வருடம் நான் வேலை முடிந்து வீடு திரும்பிய நேரம். எட்டு மாதமாகக் கண் மூடும் நேரம்.

அஃப்ஷா கோச் கையிலிருந்து பேடை வாங்கித் தன் கைகளில் மாட்டினாள். வாரைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். என் முன்னால் வந்து நின்று, கைகளை இடுப்பளவுக்கு இறக்கிப் பிடித்தாள்.

உதைத்தேன். பாதம்தான் பட்டது.

"பாதம் இல்லக்கா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மறுபடியும் உதைத்தேன். அதுவும் பாதம். மூன்றாவது தடவை எலும்பு பட்டது. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு வலித்தது.

"இது உதையாட்டி? ஈ விரட்டுத மாதிரி இருக்கு" என்றாள் அஃப்ஷா. "இன்னொண்ணு."