அஞ்சலாவுக்கு எந்தக் கட்டம்?

1

பதினொன்று நாற்பத்தெட்டு. மெல்பன் புறநகரான ட்ருகனினாவில், தான் வேலை பார்க்கும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்டை நடுவழியில் நிறுத்திவிட்டு, அருமைநாதன் கைபேசியோடு பின்வாசலுக்கு ஓடினார். இன்னும் பன்னிரண்டே நிமிடம். அதற்குள் அவர்...

(நிறுத்துகிறேன். வாரப் பத்திரிகைத் தொடர் எழுதிப் பழகிய கை. ஓடவிட்டால் அடுத்த வரியில் குண்டு வெடிக்கும். இங்கே குண்டு கிடையாது. ஓர் அண்ணன், ஒரு தங்கை, ஓர் அமெரிக்கத் தேர்தல், அவ்வளவுதான். கதை எனக்குக் கிடைத்தது, நம்முடைய ஆஸ்திரேலியத் தேர்தலன்று டார்னெய்ட் பள்ளிக்கூட வாசலில், வாக்குப் போட்டுவிட்டு, அங்கே சுட்டு விற்கும் சொசேஜுக்குக் கியூவில் நின்றபோது. எனக்கு முன்னால் நின்ற அருமைநாதன், வெங்காயம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டே சொன்னார்.)

2

மெல்பனில் புதன் நண்பகல் பன்னிரண்டு என்றால் டிட்ரோயிற்றில் செவ்வாய் இரவு எட்டு. வாக்குச்சாவடி மூடும் நேரம்; அதற்குமுன் கியூவில் சேர்ந்தவர்கள் மட்டும் போடலாம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் தங்கை அஞ்சலாவோடு அவர் பேசி நாலு வருடம்.

போன தேர்தலில்தான் சண்டை.

"வழமையாப் போடுற கட்சிக்குத்தானே போட்டனி?"

"இல்லை அண்ணா. இந்த முறை அவையளுக்கு நான் போடேல்லை."

போனை வைத்துவிட்டார்.

வைத்தவர் சும்மா இருந்தாரா? குசினிச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். அமெரிக்காவின் இரண்டு கட்சிகளுக்கு நீலம், சிவப்பு என்று இரண்டு கட்டங்கள், நடுவே அம்புகள். தொழிற்சாலை பூட்டிய ஊர்கள் இங்கிருந்து அங்கே, பட்டம் படித்த புறநகர்கள் அங்கிருந்து இங்கே. முட்டை விலைக்குக்கூட ஓர் அம்பு. அமெரிக்கன் ஏன் கட்சி மாறுகிறான் என்று கேட்டுவிட்டால் உங்கள் தேநீர் ஆறிவிடும். பலகையின் அடியில், எல்லாவற்றையும்விடத் தடிப்பாக, ஓர் அம்பு: அஞ்சலா.

அன்று காலை மனைவி மாக்கிறேட் அந்தப் பலகையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ, றிசல்ட் வர முன்னம் அவளோட கதையுங்கோ. வந்தாப் பிறகு வெண்ட ஆள் நக்கலடிப்பியள், தோத்த ஆள் போன் எடுக்க மாட்டியள். இன்னும் நாலு வருசம் போயிடும்."

"அவள் ஏன் மாறினவள் எண்டு முதல்ல எனக்கு விளங்கோணும்."

"அமெரிக்கா முழுக்க விளங்கின மனுசனுக்கு ஒரு தங்கச்சி விளங்கேல்லை."

[அடிக்குறிப்பு: ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். பித்தப்பை ஆபரேஷனில் மாக்கிறேட் படுத்திருந்த வருடம், ஏன் வாக்களிக்கவில்லை என்று கேட்டுக் கடிதம் வந்தது. மருத்துவச் சான்றிதழோடு பதில் போட்ட பிறகுதான் அபராதத்திலிருந்து தப்பினார்கள். அந்த வீட்டில் வாக்களிக்காதவர் என்றால் நோயாளி.]

3

அருமைநாதன் சொல்லி முடிக்குமுன்பே மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்; இந்த அஞ்சலாதான் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு தேர்தல் ஒரே கட்சிக்குப் போட்டவள் ஏன் மாறினாள்? வீட்டு வாடகை என்று எழுதினேன். கோயிலில் யாரோ சொன்னது என்று எழுதினேன். அண்ணனைச் சீண்டத்தான் அவள்... எல்லாவற்றையும் அடித்தேன். எதுவும் அவள் முகத்தில் ஒட்டவில்லை.

முடிவு அ: மறுபடி நீலம். அண்ணன் அம்பைத் திருப்பி வரைகிறார். (சீனி கூடிப்போனது.)

முடிவு ஆ: இன்னமும் சிவப்பு. "வாக்கு வேறு, இரத்தம் வேறு" என்று அண்ணன் தழுதழுத்த குரலில்... (இப்படி எழுதினால் அஞ்சலாவே போனை வைத்துவிடுவாள்.)

4

போன் ஐந்து தரம் அடித்த பிறகு எடுத்தாள். சுற்றிலும் ஆள் சத்தம்.

"அஞ்சலா... அண்ணா."

"தெரியும். நம்பரை அழிக்கேல்லை."

"எங்க நிக்கிறாய்?"

"வோட்டுக் கியூவில. முன்னால நாப்பது பேர்."

இம்முறை யாருக்கு? அருமைநாதன் கேட்கவில்லை, ஆகவே எனக்கும் தெரியாது. நீங்களே அவளை ஒரு கட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அவருடைய பலகையிலும் இரண்டே கட்டம், நான் வைத்திருந்த முடிவுகளும் இரண்டே.

"போன முறை ஏன் மாறினனி?"

"நான் எங்க மாறினனான்? அண்டைக்கு ரெண்டு ஷிப்ட். முடிச்சு வரேக்க கியூ ரோட்டு வரைக்கும் நிண்டது. கால் ஏலாமல் வீட்டுக்குப் போயிட்டன். நான் வோட்டே போடேல்லை, அண்ணா."

"ஒருத்தருக்குமோ?"

"ஒருத்தருக்கும். சொல்ல முன்னம் நீங்கள் போனை வைச்சிட்டியள்."

நாலு வருடம். அருமைநாதனுக்கு வாயில் வந்தது ஒன்றுதான்:

"உனக்கு ஃபைன் வரேல்லையோ?"

அவள் சிரித்தாள். கியூவில் யாரோ திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், குரலைத் தணித்தாள்.

"இஞ்ச ஆர் ஃபைன் அடிக்கிறது?"

"கால் இப்பவும் நோகுதோ?"

"ஓம். நோகுது."

"கியூவை விட்டு வந்திடாதை. நான் போனை வைக்க மாட்டன்."