மஞ்சள் வண்டியின் வலது மூட்டு

மூன்றாவது சுத்தியல் அடியில் அந்தப் பைப் துண்டு இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

பாறசாலையில் தன் வெல்டிங் பட்டறைத் தரையிலிருந்து ரெத்தினதாஸ் அதைக் குனிந்து எடுத்தான். பழைய துண்டுதான். ஓணத்துக்கு முந்தின வாரம், விலாசினியின் வண்டி முடிகிற நேரத்தில், ஒரு மூட்டு பிடிக்குமா என்று பார்க்க ஒட்டி மூலையில் எறிந்தது. இப்போது ஜன்னல் கம்பிக்குக் கொஞ்சம் பைப் வேண்டியிருந்ததால் அதைத் தட்டிப் பிரிக்கலாம் என்று எடுத்தான். பிரிக்க வேண்டியிருக்கவில்லை. வெல்டிங் ஒரு மூடி கழன்று வருவதுபோல அப்படியே கழன்று வந்தது. உள்ளே அவன் திணித்திருந்த உடைந்த வெல்டிங் ராடு துண்டுகள் பல் பல்லாகத் தெரிந்தன. உருகிய இரும்பு அந்தத் துண்டுகளைத்தான் பிடித்திருந்தது. பைப்பைத் தொடவே இல்லை.

இதே மாதிரி இரண்டு மூட்டு விலாசினியின் வண்டியில் இருந்தன.

கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டான்.

விலாசினிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் மெலிந்துவிட்டன. கட்டைக்கம்பு ஊன்றித்தான் நடப்பாள். பாலராமபுரத்தில் நெசவுக்காரர்களிடம் சேலையும் முண்டும் எடுத்து வந்து பாறசாலை, தனுவச்சபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் ஆபீசுகளிலும் விற்பது அவள் தொழில். பஸ்ஸில் மூட்டையோடு ஏறி இறங்கி அலுத்துப்போய், பின்பாதி நசுங்கின ஒரு பழைய ஆட்டோவை வாங்கி, பிரேக்கைக் கைக்கு மாற்றி, பின்பக்கம் முழுவதையும் புதிதாகப் பைப்பில் கட்டித் தரச்சொல்லி ரெத்தினதாஸிடம் கொண்டுவந்தாள்.

பதினான்கு மூட்டு. ஒரு பைப்பின் முனை இன்னொரு பைப்பின் வயிற்றில் போய் உட்கார வேண்டும். இரண்டும் உருண்டை. நேராக அறுத்து வைத்தால் நடுவில் மட்டும் தொடும், இரண்டு பக்கமும் வாய் பிளந்து நிற்கும். அதனால் முனையை மீன் வாய்போல வளைத்து வெட்ட வேண்டும். பன்னிரண்டு மூட்டைப் பக்கத்துக் கடை சதாசிவனின் லேத்தில் வைத்து, சுற்றிலும் பல் உள்ள வட்டக் கட்டரால் அழகாக வெட்டினார்கள். கடைசி இரண்டும் சாய்வாக வந்து பின்சக்கரத்தின் குறுக்குப் பைப்பில் உட்காருபவை. முழுப் பாரத்தையும் தாங்குபவை. அப்போது பார்த்துக் கட்டரின் பல் உடைந்தது. புதியது வாங்கத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். மறுநாள் வண்டி தருவதாக வாக்கு. ரெத்தினதாஸ் ஹாக்ஸா பிளேடால் கண் அளவில் இரண்டு வெட்டு வெட்டினான். பொருத்தினால் சுண்டுவிரல் நுனி போகிற அளவு சந்து. அதில் ராடு துண்டுகளைத் திணித்து மேலே ஒட்டி, கிரைண்டரால் மழித்து, மஞ்சள் பெயின்ட் அடித்தான். பார்க்க மற்ற பன்னிரண்டையும்விட அவைதான் நன்றாக இருந்தன.

இன்று புதன்கிழமை. புதன்தோறும் அவள் பாலராமபுரம் போவாள்.

சுவரோடு ஒட்டிய சதாசிவனின் கடைக்கு ஓடினான். "பைக்குக்க சாவி தா."

"எங்கோட்டு ஓடுத?" என்றான் சதாசிவன். ரெத்தினதாஸ் பைப் துண்டை நீட்டினான். சதாசிவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாற்பது வருஷ இரும்புப் பழக்கம், என்ன கோளாறு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எலே, இது அந்தப் பிள்ளைக்க வண்டியிலயும் உண்டா?"

"ரெண்டு."

சாவி பறந்து வந்து நெஞ்சில் பட்டது.

முதலில் டெலிபோன் பூத்துக்குப் போனான். விலாசினி துணி எடுக்கும் கடையின் எண் அவள் வண்டிக்குப் பின்னாலேயே எழுதியிருந்தது, எழுதியவனும் அவன்தான் என்பதால் நினைவில் இருந்தது. இரண்டாவது முறை மணி அடித்தபோது ஒருவர் எடுத்து மலையாளத்தில் பேசினார். "விலாசினியோ? போயிட்டு ஒரு மணிக்கூர் ஆயல்லோ. இன்னு நாலு கெட்டு உண்டு, கல்யாண சாரியா." போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நாலு கட்டு. வழக்கமாக அவள் ஏற்றுவது இரண்டு கட்டுதான்.

ஐப்பசி மழை விட்டிருந்தது. ரோட்டுக் குழிகளில் செந்நிறத் தண்ணீர் நிரம்பி, எது ஆழம் எது மேடு என்று தெரியவில்லை. ஒவ்வொரு குழியிலும் பைக் இறங்கி ஏறும்போது, இதே குழியில் அந்த மூட்டு எப்படி இடிபடும் என்று அவன் உடம்புக்கே தெரிந்தது. எதிரே வரும் ஒவ்வொரு மஞ்சளையும் பார்த்தான். லாரியின் முகப்பு, ஒரு குடை, செங்கல் வண்டியின் தார்ப்பாய். உதியன்குளங்கரை வந்தும் அவளைக் காணோம்.

அங்கே பைக்கை நிறுத்தினான். நேராகப் போனால் அமரவிளை, நெய்யாற்றின்கரை. அவள் இன்னும் அந்தப் பக்கம்தான் வருகிறாளா, இல்லை இங்கே பிரியும் ரோட்டில் தனுவச்சபுரத்துக்குத் திரும்பிவிட்டாளா? தப்பான ரோட்டில் போனால் கால் மணி நேரம் போய்விடும். சாயாக்கடைக்காரரிடம் கேட்டான்.

"மஞ்ச வண்டி, காலுக்கு வய்யாத்த பெண்ணு ஓட்டுகது, கண்டேளா?"

"இப்பம் தனுவச்சபுரம் ரோட்டில கேறிப் போச்சே. கேட்டீரா, ஒரு சைடு லேசா சாஞ்ச மாதிரி எனக்குத் தோணிச்சு. பாரமாக்கும்னு நெனச்சேன்."

அதற்குள் அவன் பைக்கை அந்த ரோட்டில் திருப்பியிருந்தான்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் அவளைக் கண்டான். முன்னால் ஐம்பது அடி தூரத்தில் மஞ்சள் வண்டி போய்க்கொண்டிருந்தது. நாலு கட்டும் நீலத் தாளில் பொதிந்து கயிறு கட்டியிருந்தன. வலது பின்சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளியே தள்ளியிருந்தது. மூட்டு திறந்துகொண்டிருந்தது.

"விலாசினீ! நிறுத்து!" என்று கத்த வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான். சத்தம் கேட்டு அவள் சட்டென்று பிரேக் பிடித்தால் மொத்தப் பாரமும் அந்த மூட்டில் போய் இடிக்கும். சக்கரம் மடங்கி வண்டி வலது பக்கம், அதாவது எதிரே பஸ் வருகிற பக்கம் சாயும். இறக்கத்தின் அடியில் ஓடைப்பாலம் வேறு, கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான்.

பக்கத்தில் போய்த்தான் சொல்ல வேண்டும். ஹாரன் அடிக்காமல் வலப்பக்கம் ஏறினான். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்துக் கையாட்டினாள். ஒரு கையால்தான் ஓட்டினாள் அப்போது. அந்த நேரம் வளைவில் ஒரு பஸ் தலைகாட்டியது. பின்வாங்கினான். பஸ் காற்றடித்துக்கொண்டு கடந்துபோனது. மஞ்சள் வண்டி ஒரு குழியில் இறங்கி எழுந்தது. மூட்டிலிருந்து பெயின்ட் சில்லு தெறித்ததை அவன் கண்ணால் கண்டான்.

மறுபடியும் ஏறினான். இந்த முறை அவள் தோளுக்கு நேராக வந்துவிட்டான்.

"விலாசினி, நான் செல்லுகத கேளு. பேடிக்காத. சட்டுனு பிரேக் பிடிக்காத."

"என்னண்ணா?" சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"வலத்த சக்கரம் கழலப்போகு. ஆக்சிலேட்டர விடு. கியர கொற. இடத்தோட்டு பைய ஒதுக்கு, அந்த மண்திட்டில சாச்சு நிறுத்து."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக அவன் பிறகு பலமுறை அவளை மனத்துக்குள் கும்பிட்டிருக்கிறான். சிரிப்புப் போய், கழுத்து நரம்பு புடைத்தது. கியர் இறங்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் முக்கியது. "பிரேக் தொடட்டா?" என்றாள். "தொட்டுத் தொட்டு விடு. அழுத்தாத." வண்டி இடப்பக்கம் சரிந்து, செம்மண் திட்டில் உரசி, கல்லில் ஏறி, பாலத்துக்கு முப்பது அடி முன்னால் நின்றது.

நின்ற பிறகுதான் அது நடந்தது. மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். வலது பின்பக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தது. மேலே இருந்த கட்டு அவிழ்ந்து ரோட்டில் உருண்டது. விலாசினி கைப்பிடியை விடாமல், திட்டின் பக்கம் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்த வழியே வந்த காலேஜ் பிள்ளைகள் ஓடி வந்து உருண்ட துணிக்கட்டைப் பொறுக்கினார்கள். பக்கத்தில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த ஞானையன் என்பவர் வாளியோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"பின்ன என்னவாக்கும்? இந்தப் பாரத்த ஏத்தினா லாரியே ஒடியுமே. பெண்ணுங்களுக்கு இதொண்ணும் தெரியாது."

விலாசினி நீலக் கட்டுகளைப் பார்த்தாள். "எனக்க தெற்றுதான். கல்யாணத்துக்குன்னு கேட்டாங்க, ஒரே நடையா கொண்டுவந்துரலாம்னு..." என்றவள் ரெத்தினதாஸைப் பார்த்து, "அண்ணன் எப்பிடி அறிஞ்சு வந்தீங்க? தெய்வமாப் பாத்து அனுப்பினது" என்றாள்.

எல்லோரும் அவனை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் தலையை ஆட்டினால் போதும். அது எவ்வளவு சுலபம் என்று அவனுக்கு அந்த நொடியில் தெரிந்தது.

"பாரம் இல்ல" என்றான். "நாலு கெட்டு இல்ல, எட்டு கெட்டு வச்சாலும் இது ஒடியப்பிடாது. அளவு சேராத பைப்ப, சந்தில கம்பி திணிச்சு ஒட்டினேன். தெரிஞ்சே செஞ்சதாக்கும். இன்னைக்குக் காலத்த அதே மாதிரி ஒரு துண்டு கடையில ஒடிஞ்சப்பம்தான் ஓடிவந்தேன்."

தோளில் இருந்த கை விலகியது.

விலாசினி திரும்பி ஒடிந்த மூட்டைப் பார்த்தாள். பிறகு, "ஓணத்துக்கு முன்ன வேணும்னு நான் அவசரப்படுத்தினேன்" என்றாள்.

"நீ அவசரப்படுத்தின. வெட்டினது நான்."

"வேற எத்தன எடத்தில இப்பிடி?"

"இடத்த பக்கம் ஒண்ணு. மத்ததெல்லாம் நல்லதாக்கும்."

"அண்ணன் நல்லதுன்னு சொல்லித் தந்ததுதானே இதும்?"

வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிப்போக அவன் ஒரு லாரிக்குக் கைகாட்டினான்.

மறுநாள் காலையில் விலாசினி தன் தம்பி மனைவி சுஜியோடு பட்டறைக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி நடுவில் கிடந்தது. கட்டைக்கம்பின் முனையால் ஒரு மூட்டைக் காட்டினாள். "இத வெட்டிக் காட்டுங்க." வெட்டினான். உள்ளே சுத்தமாக ஒட்டியிருந்தது. இன்னொன்று. அதுவும் சுத்தம். மூன்றாவது, நாலாவது. அவனுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. ஐந்தாவதைப் பிளந்தபோது ஒரு பக்கம் கால் அங்குலத்துக்கு வெல்டிங் பிடிக்காமல் கருப்பாகக் கிடந்தது. அது அவனுக்கே தெரியாதது. லேத்தில் வெட்டினதுதான், ஒட்டும்போது பைப் நகர்ந்திருக்க வேண்டும்.

"பதினாலும் புதுசா வெட்டி ஒட்டுங்க" என்றாள் விலாசினி.

சதாசிவன் பஸ் ஏறிப் போய்ப் புதுக் கட்டர் வாங்கி வந்தான். நேர் மூட்டுகளுக்கு அது போதும். சாய்வான இரண்டுக்கும் ரெத்தினதாஸ் இந்த முறை கட்டரையும் நம்பவில்லை, கண்ணையும் நம்பவில்லை. கெட்டித்தாளில் பைப்பின் சுற்றளவைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு இறக்கம் என்று குறித்து, புள்ளிகளைச் சேர்த்தான். அலைபோல ஒரு வளைவு வந்தது. அதன்படி தாளை வெட்டிப் பைப்பின் முனையில் சுற்றினான். ஊசியால் கீறி, கோட்டுக்கு ஒரு நூல் முன்னாலேயே ஹாக்ஸா பிளேடை நிறுத்தி, மிச்சத்தை அரைவட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவைத்தான். பொருத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான். வெளிச்சம் வரவில்லை.

"சேந்தாச்சு" என்றான்.

விலாசினி பக்கத்தில் கிடந்த பத்திரிகையில் ஒரு கீற்றுக் கிழித்து, மூட்டைச் சுற்றிலும் நுழைத்துப் பார்த்தாள். அடியில் ஒரு இடத்தில் தாள் உள்ளே போனது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்தாள். அவன் மறுபடியும் அரத்தை எடுத்தான். மூன்றாவது தடவை தாள் எந்தப் பக்கமும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் வெல்டிங் கம்பியைத் தொட்டான்.

ஏழு நாள் ஆனது. பெயின்ட் அடிக்கப் போனவனை அவள் தடுத்தாள். "ஒரு மாசம் இப்பிடியே கெடக்கட்டும். எனக்குப் பாத்துக்கொண்டே ஓட்டணும்."

எட்டாம் நாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின்னால் கையைக் காட்டினாள். "ஏறுங்க."

"நானா?"

"பாரம் வேண்டாமா? ரெண்டு சாக்கில மணலும் அள்ளிப் போடுங்க."

அவன் மணல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்துக்கொண்டான். உதியன்குளங்கரையில் ஒரு குழி. அமரவிளைப் பாலத்தின் மேல் வரிசையாக மூன்று. அவள் ஒன்றையும் ஒதுக்கவில்லை, வேண்டுமென்றே இறக்கினாள். ஒவ்வொன்றிலும் அவன் பல்லைக் கடித்து, இரும்பில் காதை வைத்தவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தான். எஞ்சின் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு முன்னால் ஓரமாக நிறுத்தினாள்.

"இஞ்ச எறங்குங்க. இனி நான் தனியே போவேன். திரும்பும்போ அஞ்சு கெட்டு உண்டு, ஆளுக்கு எடம் இல்ல."

"அஞ்சா?"

"எட்டு வச்சாலும் ஒடியப்பிடாதுன்னு அண்ணன்தானே சொன்னது?"

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கோபமும் முன்போல இல்லை. அவன் மணல் சாக்குகளை இறக்கி வைத்தான். "பைய போ, விலாசினி" என்றான். "ம்" என்றாள். வண்டி பாலராமபுரம் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்துகொண்டது.

ரெத்தினதாஸ் இரண்டு சாக்கு மணலையும் ஓடை ஓரத்தில் கொட்டி, சாக்குகளை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாறசாலை பஸ் நிற்கும் இடம் எது என்று கேட்டுக்கொண்டு நடந்தான்.