வாய்விட்டுச் சொல்லாத விண்ணப்பம்

அந்தச் சபையில் ஒரு வசதி உண்டு. ஜெப விண்ணப்பம் கேட்கும்போது விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கையை மட்டும் தூக்கினால் போதும். யாரும் துருவ மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து ஜெபித்து ஆமென் சொல்லிவிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் நான்கு மாதமாக ஞாயிறு தவறாமல் கையைத் தூக்கினார்.

விஷயம் வேறொன்றுமில்லை, அவரிடம் கார் பழகிய ஒரு பெண்மணி. லைசென்ஸ் வாங்கிய பிறகும் வாரம் மூன்று நாள் ரிவர்ஸ் பழகினார். கார் என்னவோ அந்தப் பெண்மணி வீட்டு வாசலில் பூட்டித்தான் கிடந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் மாஸ்டர் அழுவார், இனி இல்லை என்பார். அடுத்த முறை பளபளவென்று சவரம் செய்துகொண்டு கிளம்புவார். 'ஆண்டவருக்குத் தெரியும்' என்பதையே போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு மனைவியிடமிருந்து ஒளிந்துகொண்டார்.

துருவாவிட்டால் என்ன, ஊகிக்க மாட்டார்களா? மாஸ்டருக்குக் கிட்னியில் ஏதோ கோளாறு என்று சபையார் முடிவு கட்டிவிட்டார்கள். பாடகர் குழு அக்கா மாஸ்டரின் மனைவியைக் கட்டிக்கொண்டு, "கல்லுன்னா கரைஞ்சிடும்மா" என்று வேறு தேற்றினாள்.

புதன்கிழமை காலை ஸ்கேன் சென்டரில் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டாள் மனைவி. வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால்தான் படம் தெரியுமாம்.

"இன்னும் ஒரு பாட்டில் இருக்கு, குடிங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லடி! எத்தனை தடவை சொல்றது?"

"ஒண்ணும் இல்லாமத்தான் வாராவாரம் கை தூக்குறீங்களா? உங்க கிட்னிக்காக மூணு வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்தேங்க."

மாஸ்டருக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. பேசாமல் குடித்துத் தொலைக்கலாம். படம் சுத்தமாக வரும். வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைப்பாள். சுகம் கொடுத்ததற்காக அவரும் ஆமென் சொல்ல வேண்டும். அந்த ஆமென் மட்டும் தன்னால் முடியாது என்று பாட்டிலை விலக்கினார்.

"கிட்னி இல்ல. அந்த... ரிவர்ஸ் பழகுற அம்மா."

"அவங்களுக்கு என்ன?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பாட்டிலை மூடினாள். "எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

"அப்ப நாங்கல்லாம் எதுக்குங்க ஆமென் சொன்னோம்?"

அவள் அழவில்லை, கத்தவுமில்லை.

"போனை எடுங்க. அவங்ககிட்ட இனி வர மாட்டேன்னு சொல்லுங்க. இங்கயே, என் முன்னாடி."

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன், தாங்கல..."

"சொல்லிட்டுப் போங்க."

மாஸ்டர் கால்களைப் பின்னிக்கொண்டு எண்ணை அழுத்தினார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.