மருந்து அலமாரி பூட்டிக்கொண்ட மதியம்

ஹில்டாவைக் கைவிலங்கோடு மருத்துவமனையின் முன்வாசல் வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் பின்வழி ஒன்று இருந்தது. அப்படிக் கூட்டிப்போகலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. நோயாளிகளைப் பார்க்க வந்திருந்தவர்கள் காப்பிக்கு வரிசையில் நின்றபடியே கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார்கள். வெள்ளைச் சீருடை, குனிந்த தலை, முன்னால் சேர்த்துப் பூட்டிய கைகள். அன்று மாலைக்குள் அந்தப் படம் ஈப்போவைத் தாண்டிப் பேராக் மாநிலம் முழுக்கப் போய்விட்டது. 'புற்றுநோயாளிகளின் வலி மருந்தைத் திருடி விற்ற மிஸ்ஸி' என்று யாரோ அதன் கீழே எழுதியிருந்தார்கள்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் அவள் தாதியாக, ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, சேர்ந்தபோது மகள் ஷார்மேன் கைக்குழந்தை. இப்போது ஷார்மேன் பினாங்கில் கல்லூரிக்குப் போகிறாள். மற்ற தாதிகள் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிற புற்றுநோய் வார்டை ஹில்டா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே குறைவு. ஆனால் வலியில் முறுக்கிக்கொண்டு கிடக்கிற ஒருவர், ஊசி போட்ட சிறிது நேரத்தில் நெற்றி தளர்ந்து மூச்சை இழுத்து விடுவதைப் பார்க்கும்போது, இந்த வேலைக்கு வந்ததற்கு இது போதும் என்று அவளுக்குத் தோன்றும்.

முன்பெல்லாம் மார்ஃபின் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு தாதிகள் சேர்ந்து அலமாரியைத் திறந்து, எண்ணி, கையெழுத்துப் போட்டு எடுப்பார்கள். நிர்வாகம் அதை மாற்றி, எல்லாக் கிளைகளிலும் கணினி அலமாரிகளைக் கொண்டுவந்து வைத்தது. விரலை வைத்தால் யார் என்று அதற்குத் தெரியும். திரையில் நோயாளியின் பெயரைத் தொட்டால் உரிய இழுப்பறை மட்டும் திறக்கும். எண்ணுவது அதன் வேலை. மருந்து நிரப்புவதுகூட அதை விற்ற நிறுவனத்து ஆட்களின் வேலை. இனி யாரும் கையால் எண்ணத் தேவையில்லை என்று பயிற்சியின்போதே சொல்லிவிட்டார்கள்.

சில மாதங்களில் அலமாரி ஒரு கணக்குச் சொன்னது. ஹில்டா நோயாளிகளுக்குப் போட்ட ஊசியைவிட அவள் வெளியே எடுத்த மருந்து அதிகம் என்றது. மேலதிகாரியின் அறையில் அவளை உட்காரவைத்துக் கேட்டார்கள். திரை அடிக்கடி நின்றுவிடுகிறது, இரண்டு மூன்று தடவை விரல் வைக்க வேண்டியிருக்கிறது, இதை முன்பே புகார் செய்திருக்கிறேன் என்று அவள் சொன்னாள். அவர் தன் கணினியை அவள் பக்கம் திருப்பி, அவள் விரல் இல்லாமல் அலமாரி திறக்குமா என்று கேட்டார். திறக்காது என்றாள். அவள் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

லோக்கப்பின் ஊதா உடையில் சில நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்தாள். கணவன் பாஸ்கல் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் அன்று வேறு யாரும் உட்காரவில்லை. சந்தையில் காய்கறிக்காரி பேரம் பேசாமல், முகத்தைப் பார்க்காமல் பையைக் கட்டிக் கொடுத்தாள். முகநூலில் அவளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று முன்பின் தெரியாதவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அதே நோய் அவளுக்கு வரவேண்டும், மருந்து கிடைக்காமல் கிடக்கவேண்டும் என்பதுதான் பலருடைய தீர்ப்பு.

ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பேச்சு அல்ல. வீரம்மாதான்.

முதல் தடவை வழக்குக்குப் போனபோது சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து நீதிமன்றப் படிக்கட்டில் காத்திருந்தாள் வீரம்மா. அவள் கணவர் உடையப்பன் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலராக இருந்தார். கடைசி வாரங்களில் ஹில்டாவின் வார்டில் கிடந்து இறந்துபோனார். ஹில்டாவைப் பார்த்ததும் வீரம்மா கூச்சல் போடவில்லை. நேராக வந்து எதிரே நின்றாள்.

"அவரு மரத்துல ஆணி வச்சு அறைஞ்ச மாதிரி துடிச்சாரு. நீ வந்து, மருந்து வருதும்மா, மருந்து வருதும்மான்ன. எங்க வந்துச்சு? யாருக்கு வித்த?"

யாரிடமும் எதுவும் பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஹில்டா தலையைக் குனிந்துகொண்டு படியேறப் பார்த்தாள். ஒரு போலீஸ்காரர் வீரம்மாவை மெல்ல ஒதுக்கிவிட்டார். உடையப்பன் துடித்த அந்த மதியத்தில் என்ன நடந்தது என்று ஹில்டாவுக்குத் தெரியும். மேலதிகாரியின் அறையில் அதையும்தான் சொன்னாள். அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டார்கள்.

வழக்கு தள்ளித் தள்ளிப் போனது. ஒரு தவணையின்போது நீதிமன்றத் தாழ்வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் ஒருவன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். படத்தைப் பார்த்தவன் போலிருக்கிறது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எழுந்து அருகில் வந்தான்.

"அக்கா, ஒங்களுக்கும் அந்த அலமாரிதானா?"

அவன் பெயர் தர்மேந்திரன். தெலுக் இந்தான் கிளையில் ஆண் தாதி. அவன் மீதும் அதே குற்றச்சாட்டு, அதே மருந்து. அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டு, திறக்காது என்று அவன் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இணையம் அறுந்து மீண்டும் வரும்போதெல்லாம் திரை நின்றுபோகும் என்று அவனும் சொன்னான். வேறொரு கிளையில் ஒரு மலாய்த் தாதி, வழக்கென்று மிரட்டியதும் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே போய்விட்டாளாம். ஹில்டா சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை மாதமும் தன்னை அறியாமல் தானே ஏதோ தவறு செய்திருப்போமோ என்றுகூட அவள் நினைத்திருந்தாள். அதை அவள் பாஸ்கலிடமும் சொன்னதில்லை.

இருவருடைய வக்கீல்களும் சேர்ந்து ஒரே ஒரு கோரிக்கையை வைத்தார்கள். அலமாரியைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கையால் எண்ண வேண்டும். மருத்துவமனை மறுத்துப் பார்த்தது. இயந்திரத்தைத் திறந்தால் ஒப்பந்தம் முறியும் என்று விற்ற நிறுவனம் சொன்னது. கடைசியில் நீதிமன்ற உத்தரவோடு சுகாதார அமைச்சிலிருந்து அதிகாரிகள் வந்து திறந்தார்கள். திருடுபோனதாகச் சொன்ன மருந்தெல்லாம் அலமாரிக்குள்ளேயே இருந்தது. இணையம் அறுந்து திரும்பிய ஒவ்வொரு தடவையும் இயந்திரம் ஒரே மருந்தை இரண்டு தடவை எடுத்ததாகப் பதிந்திருக்கிறது. நிரப்ப வந்தவர்கள் உள்ளே இடம் போதாமல் கிடந்ததைப் பார்த்துமிருக்கிறார்கள். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கு தள்ளுபடியானது. மறுநாளே ஊரின் கோபம் பக்கம் மாறிக்கொண்டது. மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடியது. மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அட்டைகள் பிடித்தார்கள். தாதியர் சங்கத்தார் வந்தார்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் வந்தார்கள். கைவிலங்கோடு இருந்த அதே படம் இப்போது பனியன்களில் அச்சாகியிருந்தது. பாஸ்கல் கைப்பேசியில் ஒருவனைக் காட்டினான். அவளைத் தெருவில் வைத்து அடிக்க வேண்டும் என்று அன்று எழுதியவன், இன்று அவள் படத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தான். ஹில்டா போனை மூடிவைக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேச அவளை அழைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்றாள்.

சுங்கை சிப்புட்டில், பழைய தோட்டத்து ஆட்களுக்கென்று கட்டிய தரைவீட்டு வரிசையில் வீரம்மாவின் வீடு. பாஸ்கல் காரிலேயே இருந்தான். வீரம்மா கதவைத் திறந்தாள், கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

கேஸ் இல்லையென்று டிவியில் பார்த்ததாகச் சொன்னாள்.

"அதச் சொல்ல வரலம்மா. அன்னைக்கு மத்தியானம் என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குச் சொல்லணும்."

கம்பிகளுக்கு வெளியே நின்றபடியே ஹில்டா சொன்னாள். உடையப்பனுக்கு ஊசி போட வேண்டிய நேரம். அலமாரியில் விரலை வைத்ததும் திரை சிவப்பானது. கணக்கு ஒத்துவரவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டுத் தானாகப் பூட்டிக்கொண்டது. மேலதிகாரி ஒருவர் வந்து விரல் வைத்தால்தான் இனித் திறக்கும். அவர் கூட்டத்தில் இருந்தார். போன் போட்டாள், எடுக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கி ஓடினாள், மருந்தகத்திலும் அலமாரி வழியாகத்தான் கொடுக்க முடியும் என்று மறுத்துவிட்டார்கள். மறுபடி மேலே ஓடினாள். கடந்து ஓடும்போதெல்லாம் வீரம்மா கேட்டாள், ஹில்டாவும் மருந்து வருது என்றாள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இயந்திரத்தைப் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசக்கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. மேலதிகாரி கூட்டம் முடிந்து வந்து விரல் வைத்த பிறகுதான் ஊசி போட முடிந்தது.

வீரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"மருந்து உள்ளதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா?"

"மேல இருந்தது கண்ணாடி வழியா தெரிஞ்சுச்சும்மா."

"ஒடச்சிருக்கலாமே மிஸ்ஸி."

லோக்கப்பில் படுத்திருந்தபோது அந்தக் கண்ணாடியை ஹில்டா எத்தனையோ தடவை மனதுக்குள் உடைத்திருக்கிறாள்.

"ஒடச்சிருக்கலாம்," என்றாள்.

வீரம்மா சாவியைத் தேடி எடுத்துக் கம்பிக் கதவைத் திறந்தாள். உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை, ஹில்டாவும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காளியம்மன் கோயிலில் ஹில்டாவின் பெயரைச் சொல்லி மிளகாய் அரைத்துச் சாபம் வைத்திருப்பதாக வீரம்மா சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் அம்மாகிட்ட சொல்லி அத எறக்கிட்டு வாரேன். அப்புறம் அந்தக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மருத்துவமனையின் தலைவர் வெளியே வந்து, பாதிக்கப்பட்ட ஊழியர்கள் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்பதாக வாசித்தார். அவர்களை மீண்டும் வேலைக்கு அழைப்பதாகவும் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். ஹில்டாவிடம் ஒலிபெருக்கியை நீட்டினார்கள். அவள் அதை வாங்காமல் வீரம்மாவைப் பார்த்தாள்.

வீரம்மாவும் அதை வாங்கவில்லை. இரண்டடி முன்னால் போய், தோட்டத்தில் பேசிப் பழகிய மலாயில் தலைவரிடம் கேட்டாள். அலமாரி பூட்டிக்கொண்டபோது படுக்கையில் கிடந்தவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்பது என்று. தன் கணவர் பெயர் உடையப்பன் என்றும் சொன்னாள்.

தலைவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதுவரை முழக்கம் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. இத்தனை நாள் கோபப்பட்டவர்கள் யாரும் இதை யோசித்திருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு சீனர், தன் அம்மாவும் அந்த வார்டில்தான் இருந்தார் என்றார். பிறகு ஒரு மலாய்ப் பெண் கையை உயர்த்தினாள். பனியன் போட்டிருந்த ஒருவர் அட்டையைக் கீழே சாய்த்துவிட்டு, தன் அண்ணன் பெயரைச் சொன்னார். அலமாரி எத்தனை மதியங்கள் அப்படிப் பூட்டிக்கொண்டது என்பது தனக்கே தெரியாது என்று ஹில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அமைச்சு நியமித்த விசாரணைக் குழு நோயாளிகளின் குடும்பங்களையும் விசாரிக்க ஒப்புக்கொண்டது. அதற்குள் இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். தர்மேந்திரன் பழைய வேலைக்கே திரும்பினான். ஹில்டா திரும்பவில்லை. கடைசி நாட்களில் வீட்டிலேயே இருக்க விரும்புகிறவர்களைப் போய்ப் பார்க்கிற ஒரு தொண்டு அமைப்பில் சேர்ந்தாள். அலமாரியை விற்ற நிறுவனத்தின் மீது தாதிகள் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. எப்படி முடியுமோ தெரியாது.

உடையப்பன் விஷயமாக ஹில்டா விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்ன அன்று வீரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். ஹில்டா எதையும் குறைத்துச் சொல்லவில்லை, வலியைப் பற்றியும் சொன்னாள். முடிந்ததும் இருவரும் வெளியே சிமெண்ட் பெஞ்சில் பாஸ்கல் காரைக் கொண்டுவரக் காத்திருந்தார்கள். மழை வரும்போல இருந்தது, சுண்ணாம்புக் குன்றுகளின் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. வீரம்மா அந்தப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"கடைசில மருந்து போட்டீல்ல. அப்புறம் தூங்குனாரா?"

"தூங்குனாரும்மா. கண்ண மூடுறதுக்கு முன்னாடி நீங்க எங்கன்னு கேட்டாரு. வெளியதான் ஒக்காந்திருக்காங்கன்னு சொன்னேன். சரின்னுட்டுத் தூங்கிட்டாரு."

வீரம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். பாஸ்கலின் கார் வந்ததும் ஹில்டா எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.